காலி ஜாடி

செவ்வாய், இரவு.

மூலிகைச் சாற்றின் நச்சை நாளை கல்லூரியில் சோதிக்க, அக்கா ஜாடியில் முட்டையிலிருந்து உப்புநீர் இறால் குஞ்சுகளைப் பொரிக்க வைத்திருந்தாள். சாற்றில் விட்டு எத்தனை சாகின்றன என்று எண்ணுவார்களாம். அவை வெளிச்சத்துக்கு ஓடும். அக்காவை ஏமாற்ற நான் ஜாடியைக் கறுப்புத் தாளால் சுற்றி, அடியில் ஓட்டையிட்டு டார்ச் வைத்தேன். எல்லாம் கீழே ஒதுங்கின. மேலே பார்த்தால் காலி.

ஒன்றுமே பொரியவில்லை என்று அக்கா நினைத்துவிட்டாள். ஜாடியை சிங்கில் கவிழ்க்கப் போனாள்.

"ஐயோ, ஊத்தாதக்கா! கீழ இருக்கு!"

தாளைக் கிழித்தாள். பாதிக் குஞ்சுகள்தான் அசைந்தன.

"ஒரே இடத்துல குவிஞ்சு மூச்சு முட்டியிருக்குடா, லூசு! வெறும் உப்புத்தண்ணில விட்டதே செத்தா டெஸ்ட்டே செல்லாது."

இறால் செத்தால் தொக்கு நான்தான். இப்போது ஜாடிக்குள் கரண்ட் காற்றுப் பம்பு குமிழி விடுகிறது. வெளியே தூறல். எங்கள் லிங்கராஜபுரத்தில் தூறினாலே கரண்ட் போகும். சைக்கிள் பம்பைக் கட்டிலருகே எடுத்து வைத்திருக்கிறேன்.