நீங்கள் அணைக்காத மைக்

பாய்,

இன்று காலை குழல் பையை உதறித் துடைக்கலாம் என்று கவிழ்த்தபோது உங்கள் ஸ்பாஞ்ச் கீழே விழுந்தது. மைக் தலையில் மாட்டும் அந்தக் கறுப்புத் தொப்பி. எடுத்து மூக்கருகே வைத்தேன். அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. நீங்கள் போய் மழைக்காலமும் முடியப்போகிறது.

குழல் மைக்குக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தீர்கள். மற்றவர்கள் எச்சில் தெறித்ததை வாத்தியார் வாய்க்கிட்டே வைக்க முடியாது என்பீர்கள். சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, அத்தர் குப்பி இருக்கும் டப்பாவிலேயே போட்டு மூடிவிடுவீர்கள். அதனால் மேடையில் நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் முதலில் உள்ளே போவது உங்கள் அத்தர்தான். தும்மல் வருகிறது, வேறு டப்பாவில் வையுங்கள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கச்சேரிக்கும் அதே வாசனையோடு வருவீர்கள்.

களைப்பாக இருக்கிறது, பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். விடியற்காலையில் கடல் தாண்டி இருக்கும் பிள்ளைகளுக்குப் போனில் பாடம். அந்தப் பக்கம் ஊதுவது இந்தப் பக்கம் தண்ணீருக்குள் ஊதுவதுபோல் கேட்கும், நானும் நன்று நன்று என்பேன். பிறகு பஸ் பிடித்துப் பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளிக்கூடம். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். நானும் கொடுத்துவிடுவேன். முன்பெல்லாம் மறுத்துப் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது ஸ்டாஃப் ரூம் மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறேன்.

நமக்குள் பழக்கம் தொடங்கியதே சண்டையில்தான். ஏதோ ஒரு கல்யாண வரவேற்பு. அன்றைக்குத்தான் உங்கள் மைக் செட்டை முதலில் பார்க்கிறேன். நான் ஒரு ஸ்வரம் ஊதினால் மண்டபம் நாலு ஸ்வரம் திருப்பிச் சொன்னது. ஆலாபனையை நிறுத்திவிட்டு, மைக்கிலேயே, "எக்கோவை எடுங்க, இது கிணறு இல்லை" என்றேன். கூட்டம் சிரித்தது. நீங்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து, மேடைக்குக் கீழே நின்று, கோபமே இல்லாமல் கேட்டீர்கள்:

"ஏனுங்க வாத்தியாரே, எல்லாரும் எக்கோ பத்தலீன்னுதானுங்க சண்டைக்கு வருவாங்க. நீங்க மட்டும் வேண்டாங்கறீங்களே?"

ஊதுவது நான், மண்டபம் எதற்குச் சேர்ந்து ஊத வேண்டும் என்றேன். அன்றிலிருந்து கோவையில் உள்ள மைக் செட்காரர்கள் எல்லோருக்கும் நான் எக்கோ வேண்டாம் வாத்தியார் ஆகிவிட்டேன். அந்தப் பெயரைப் பரப்பியது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. ஒளிக்காமல் ஊதுகிறவன் என்ற பெருமை. அப்புறம் எங்கே கச்சேரி என்றாலும், சவுண்டு உக்கடத்து பாயுடையதாக இருந்தால்தான் வருவேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணம், கோயில், நவராத்திரி என்று எத்தனை ஊர் உங்கள் வேனில் போயிருப்போம். முன் சீட்டில் நீங்களும் நானும், பின்னால் பெட்டிகளுக்கு நடுவே மிருதங்கமும் வயலினும்.

அந்தியூர்ப் பக்கம் ஒரு கும்பாபிஷேகம் முடித்துத் திரும்பிய காலையை நினைத்துக்கொள்கிறேன். நமக்கு முன்னால் பாடியவர் ஒரு காலத்தில் பெரிய பெயர் எடுத்த பெரியவர். மேல் ஸ்தாயியில் குரல் ஏறவே இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இறங்கி வந்ததும் அதே இரண்டு பேர் ஓடிப்போய், அற்புதம் என்று அவர் காலில் விழுந்தார்கள். பவானி தாண்டி டீக்கடையில் வேனை நிறுத்தினோம். எனக்கும் ஒருநாள் இப்படித்தான் ஆகும், யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள் ஒருவராவது சொல்லிவிட வேண்டும் என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டீயை ஆற்றியபடியே சொன்னீர்கள்:

"வாயால சொல்ல வராதுங்க வாத்தியாரே. அப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா மைக்கை அணைச்சுப்போடறேன். புரிஞ்சுக்குங்க."

அது போதும் என்றேன். அதன்பிறகு எவ்வளவு நிம்மதியாக ஊதினேன் தெரியுமா? மிக்சரில் என் மைக்கின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை நான் சரியாகத்தான் ஊதுகிறேன் என்று நம்பினேன். கைதட்டலை நம்பியதில்லை. பத்திரிகையில் நாலு வரி வந்தால் அதையும் நம்பியதில்லை. அந்தச் சின்னப் பச்சை விளக்கை நம்பினேன்.

ஊரையே வீட்டுக்குள் அடைத்துப்போட்ட காய்ச்சல் என் நெஞ்சையும் பிடித்துவிட்டுப் போனதல்லவா, அதற்குப் பிறகு மூச்சு பழையபடி இல்லை என்று எனக்கே தெரிந்தது. மாடிப்படி ஏறினால் வாங்குகிறது. சஹானா ராகத்தில் ஒரு நீண்ட பிடியைத் தொடங்கினால் முடிவுக்கு முன்னாலேயே அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு கச்சேரியிலும் ஓரக்கண்ணால் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். அது எரிந்துகொண்டே இருந்தது. கேட்பவர்களுக்குத் தெரியவில்லை போலும், இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று தேற்றிக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, தொழுகை முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் தம்பி போன் செய்தார். வந்தேன். கூட்டத்தில் ஓரமாக நின்றேன். அழுகை வரவில்லை. அடுத்த கச்சேரிக்கு யார் மைக் என்றுதான் தோன்றியது. மனிதன் இவ்வளவுதான்.

அடுத்த கச்சேரி ஈரோட்டில், ஒரு மஞ்சள் வியாபாரி வீட்டுக் கல்யாணம். சவுண்டு அவர்கள் ஊர் ஆள். எக்கோ வேண்டாம் என்றேன், சரிங்க சார் என்று உடனே எடுத்துவிட்டார். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். பல வருடமாக என் கச்சேரிகளுக்கு வருகிறவர். ரசம் ஊற்றும்வரை காத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா சார்? எப்பவும் கேக்கற மாதிரி இல்லீங்களே. மூச்சு வாங்கறது நல்லாத் தெரிஞ்சுதுங்க." எப்போதும் ஊதுவது போலத்தான் ஊதியிருந்தேன்.

மறுநாளே உக்கடத்துக் கடைக்குப் போனேன். உங்கள் தம்பி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் என் குழலுக்கு மட்டும் என்ன செட்டிங் வைத்திருந்தார் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. எனக்கு முன்னால் வைக்கும் மானிட்டர் பெட்டியில் எக்கோ இல்லாமலும், கூட்டத்தைப் பார்த்திருக்கும் வெளிப் பெட்டிகளில் எக்கோவோடும் கொடுத்தீர்களாம். மேடையில் இருப்பவனுக்கு எதிரே இருக்கிற பெட்டிதானே காதில் விழும். என் மூச்சு அறும் இடத்தில் கை தயாராகக் காத்திருந்து எக்கோவைத் தூக்குவீர்களாம். விட்ட ஸ்வரம் மண்டபத்தில் கொஞ்ச நேரம் தொங்கும், அதற்குள் நான் மூச்சு எடுத்துவிடுவேன். காய்ச்சலுக்குப் பிறகு எல்லாக் கச்சேரியும் இப்படித்தானாம்.

பவானி டீக்கடையில் பேசியதை உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"நானும் கேட்டனுங்க சார், வாக்குக் குடுத்துருக்கறயே அண்ணான்னு. ரெண்டு மூணு தடவை சுவிச்சு மேல வெரலை வெச்சாருங்க. ஊதற மனுசனப் பாத்துப்போட்டு எப்படிடா அணைக்கறது, எனக்குக் கை வரமாட்டேங்குதுடான்னுட்டாருங்க."

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? எக்கோ வேண்டாம் என்று ஊரெல்லாம் வீறாப்புப் பேசிக்கொண்டு எக்கோவிலேயே வண்டி ஓட்டியிருக்கிறேன். அந்தியூர்ப் பெரியவரை விட நான் எந்த விதத்தில் மேல்? அவருக்கு முன்வரிசைக்காரர்கள் பொய் சொன்னார்கள். எனக்கு நீங்கள். பஸ் வரும் வரை பெரியகுளத்துக் கரையில் நின்று உங்களை மனசார வைதேன். வைது முடித்ததும் மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்றவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில் கச்சேரி. முன்பே ஒப்புக்கொண்டது. உங்கள் தம்பிதான் மைக். சின்ன மிக்சரைக் கொண்டுவந்து என் பக்கத்திலேயே வைத்திருந்தார். உங்கள் ஸ்பாஞ்சை மாட்டிவிட்டு, குனிந்து, "வெளிய போடட்டுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். எதை என்று இருவருக்கும் தெரியும். வேண்டாம் என்றேன். அறுந்த இடமெல்லாம் அறுந்தபடி ஊதினேன். வயலின் பையன் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தான். கூட்டமும் பொறுமையாகத்தான் இருந்தது. சஹானா வந்தது. மூச்சை இழுத்தேன், அத்தர் உள்ளே போனது. பிடி பாதியில் நின்றுவிட்டது. ஒருமுறை பச்சை விளக்கைப் பார்த்தேன். பிறகு கையை நீட்டி மிக்சரில் மைக்கை அணைத்தேன்.

மிச்சத்தை மைக் இல்லாமல் ஊதி முடித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்குக் கேட்டிருக்கும். பின்னால் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தார்கள்.

வெளிப் பெட்டிகள் பக்கம் போயிருந்த உங்கள் தம்பி பதறி ஓடிவந்தார். ஒயரைத் தொட்டுப் பார்த்தார். "எப்படிங்க சார் ஆஃப் ஆச்சு?" என்றார்.

"உங்க அண்ணன் அணைச்சாருங்க" என்றேன்.

அவர் மண்டபம் காலியாகும் வரை ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஸ்பாஞ்சைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டுப் போனார். இனி மேடை இல்லை என்று அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் சுவிச்சு மேல் வைத்துவிட்டு எடுத்த உங்கள் விரலை நினைத்தால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வந்து குழல் கற்கும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பையைத் துடைத்து, குழல்களை அடுக்கி, ஸ்பாஞ்சை மறுபடி அடியிலேயே வைத்துவிட்டேன். மைக் இல்லாத வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து ஊதும்போது தும்மல் வருவதில்லை, பாய்.