இத்தா வீட்டில் எட்டுப் பேர்

ஆலங்குடி
9 மே 2025

சாரா மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆமாம், கதவைத் திறக்கச் சொன்னது நுஸைபா அக்காதான். தாழ்ப்பாளை நீக்கியது நான். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்கும் பெண் அந்நிய ஆண்களை வீட்டுக்குள் விட்டாள் என்று உங்களுக்குச் சொன்னவர் அன்றைக்கு இங்கே இல்லை. நான் இருந்தேன்.

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. உங்கள் தம்பி மவுத்தாகி அறுபத்தோராம் நாள். வானம் கறுத்தது. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. நானும் நுஸைபா அக்காவும் எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். முந்திரிக்கொட்டை பொறுக்கிவிட்டுக் குட்டியானை வண்டியில் திரும்பியவர்கள் கதவைத் தட்டினார்கள். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். இந்தச் சாலையில் கான்கிரீட் வீடு நம்முடையது மட்டும்தான்.

“அக்கா, ஆம்பளைங்களும் இருக்காங்க.”

“இடி ஆளப் பாத்தா விழுது? தொறடி.”

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அதன்பின் அவள் குரல் மட்டும். ஜன்னல் பக்கம் யாரும் நிக்காதீங்க. ரூமானா, பொம்பளைங்களுக்கு மாத்துச் சேலை எடுத்துக் குடு. ரெண்டு படி அரிசி போடு.

வண்டி ஓட்டி வந்த ஐயனார் உள்ளறைக் கதவைப் பார்த்துக் கேட்டார்: “வீட்டுக்காரர் எங்கிட்டுப் போயிருக்காரும்மா? வந்தா எங்கள வைவாரே.”

உள்ளிருந்து அக்கா சொன்னாள்:

“வைய மாட்டாரு. அவர் இருந்தா இந்நேரம் டீ போட்டு ஒங்க கையில குடுத்திருப்பாரு.”

அவர்கள் சிரித்தார்கள். அக்காவும். உங்கள் காதுக்கு வந்த சிரிப்பு அதுதான்.

மூன்று மணி நேரம். அவர்கள் போனபின்தான் வெளியே வந்தாள். உள்ளறை ஜன்னல் பெயர்ந்து விழுந்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றியில் ஆலங்கட்டி பட்ட வீக்கம். உள்ளே இருந்தபடி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்து நான்கு வருஷம் அவளுக்குத் தங்கையாக இருக்கிறேன். அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தேன்.

இத்தா முடிந்ததும் வந்து அழைத்துப் போய் உங்களோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தீர்கள். இப்போது வரமாட்டேன் என்கிறீர்களாம். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் தினமும் உங்கள் நம்பருக்கு அழைப்பது நான் அல்ல.

ரூமானா

*

கோட்டைப்பட்டினம்
14 மே

ரூமானாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் திறக்கத்தான் வேண்டும் என்றார். அது இருக்கட்டும். உன் அக்கா பொய் சொல்லியிருக்கிறாள். என் தம்பிக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது. தண்ணீர்ச் செம்பைக்கூட நான்தான் கையில் கொடுப்பேன். செத்தவன் பேரில் எதற்குப் பொய்? அப்படிப்பட்டவளை எப்படி வந்து அழைப்பேன்?

சாரா உம்மாள்

*

ஆலங்குடி
19 மே

மதினி,

பொய் இல்லை. கல்யாணமான வருஷம் அக்காவுக்கு டைபாய்டு. அப்போது மச்சான் டீ போடக் கற்றுக்கொண்டார். முதல் நாள் டீத்தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் காத்திருந்தாராம். பிறகு பத்து வருஷமும் காலை டீ அவர்தான். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். “என்னைய ஒரு வேல செய்யவிடாம வளத்துச்சு எங்க அக்கா. கேட்டா மனசு ஒடிஞ்சு போகும்.”

ரூமானா

*

கோட்டைப்பட்டினம்
23 மே

ரூமானா,

பத்து வருஷம். ஒருநாள்கூட எனக்குப் போட்டுத் தரவில்லை, களவாணிப் பய. நேற்று முழுக்க அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது.

இத்தா முடியும்வரை என்னால் பொறுக்க முடியாது. ஒன்றாம் தேதி ஆவுடையார்கோவிலில் பஸ் மாறி வருகிறேன். இத்தா நாள் முடிகிற வரை அங்கேயே இருப்பேன், பிறகு இருவரும் சேர்ந்து இங்கே வருவோம். அவனைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும்.

சாரா உம்மாள்

*

ஆலங்குடி
27 மே

மதினி,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து போய், மச்சான் கட்டிலில் அவர் போன நாளிலிருந்து அப்படியே கிடந்த அவர் துணிகளை மடித்து எடுத்துவிட்டு, உங்களுக்கு விரிப்புப் போட்டாள்.

ரூமானா