வால் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது

கூத்தாநல்லூர்
3.11.96

அன்புள்ள மச்சானுக்கு ஹாஃபிஸாவின் சலாம்.

பதில் எழுதத் தாமதம்தான். ஃபஹ்மிதாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், "போம்மா" என்று கையைத் தட்டிவிடுகிறாள். மழை விட்டபாடில்லை. சம்பா முழுகிவிடுமோ என்று தெருவில் எல்லாரும் ஆற்றைப் பார்க்கப் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள்.

உங்கள் மாடல் போர் விமானத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். உடம்பு கட்டிலுக்கு அடியில். இறக்கை இரண்டும் பீரோவுக்குப் பின்னால். எஞ்சின் அரிசி டின்னில் ஈரம் படாமல் இருக்கிறது. நடக்கும்போதெல்லாம் எதிலாவது இடித்துக்கொள்கிறேன். மாமி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "குண்டு போடுற சாமானைப் புள்ள படுக்கிற ரூம்ல வச்சிருக்கான் எம்புள்ள." அதில் குண்டு இல்லை மாமி என்றேன். "இன்னைக்கு இல்ல" என்றார்கள்.

முதல் லீவில் உடம்பைக் கட்டினீர்கள். அடுத்த லீவில் இறக்கை. போன லீவில் எஞ்சினும் பெயின்டும். பூட்டிச் சேர்த்து பேலன்ஸ் பார்ப்பது மட்டும்தான் பாக்கி என்றீர்கள், அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் உள்ளே போகும்முன் சொன்னது நினைவிருக்கிறதா? "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து பறக்க விடுறேன். அது பறந்துட்டா நான் திரும்பிப் போகமாட்டேன் ஹாஃபி. மன்னார்குடியில கடையைப் போட்டு உட்கார்ந்துடுறேன்." நான் மறக்கவில்லை.

பாக்கி என்று ஒன்று இருந்தால்தானே நீங்கள் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. இந்த முறை நானே பூட்டி, பேலன்ஸ் பார்த்து வைத்துவிடுகிறேன். சிரிக்காதீர்கள். மூன்று வருஷம் ஃபிசிக்ஸ் படித்தவள். எப்படிச் செய்வது என்று மட்டும் விளக்கமாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ஹாஃபிஸா


ஷார்ஜா
15.11.96

அன்புள்ள ஹாஃபிஸாவுக்கு, வஅலைக்குமுஸ் ஸலாம்.

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரிக்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன், என் மனைவி ஸ்பிட்ஃபயர் மாடலைப் பூட்டப்போகிறாள் என்று. இங்கே வரும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் எட்டடி இறக்கை உள்ள விமானத்தை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள் என்றார்.

படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். நடுவில் வருவது அலுமினியக் குழாய். இரண்டு இறக்கையும் அதில் ஏறி, இடைவெளி இல்லாமல் உடம்பை ஒட்டி நிற்க வேண்டும். நாலு போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்காதே, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒயர்களில் இடது வலது என்று எழுதியிருக்கிறேன், மாற்றிச் செருகினால் இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் சாயும். எஞ்சினும் பேட்டரியும் மூக்கில். டேங்க் காலியாக இருக்க வேண்டும். காற்றாடியை வேண்டுமானால் மாட்டு, ஆனால் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவே பார்க்காதே.

பேலன்ஸ் என்பது இவ்வளவுதான். இறக்கையின் முன் ஓரத்திலிருந்து பின்னால் அளந்து பென்சிலில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்த இரண்டு இடத்தில் தாங்கினால் விமானம் தட்டையாக நிற்க வேண்டும், மூக்கு ஒரு நூல் தாழலாம். வால் தாழக்கூடாது. வால் கனத்தால் மேலே போனதும் கைக்கு அடங்காது.

அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகச் செய். பிள்ளைக்கு என் முத்தம்.

அப்சர்


கூத்தாநல்லூர்
28.11.96

அன்புள்ள மச்சானுக்கு, சலாம்.

கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் எழுதியதிலேயே பெரிய கடிதம் இதுதான். எப்போதும் "நான் நலம், பணம் அனுப்பியுள்ளேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று வரும், நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இந்தக் கடிதத்தைப் படத்துக்காக ஒரு தரமும், படம் இல்லாத இடத்துக்காகப் பல தரமும் படித்தேன்.

இறக்கை ஏறவே இல்லை. மழை ஈரத்தில் பலகை ஊதியிருக்கிறது. வெயில் அடித்த ஒருநாள் மாடியில் காயவைத்தேன். காக்காய் வந்து உட்கார்ந்துவிடுமே என்று பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு இருந்தேன். ஜன்னத் பீவி மாமி எதிர்மாடியிலிருந்து, "வடாம் காயுற மாதிரி காயுதே, எத்தனை வருஷம் கெடாம இருக்கும்?" என்று கேட்டார்கள். கீழே கொண்டுவந்து குழாயில் மெழுகு தேய்த்ததும் ஏறிவிட்டது. போல்ட்டை நீங்கள் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்கினேன். பிளந்துவிட்டால் உங்கள் ஒரு லீவு முழுக்க வீண் என்ற நினைப்பு.

எங்கே தூக்கிக் கட்டுவது என்றுதான் குழப்பம். மேஜை போதவில்லை. கடைசியில் ஃபஹ்மிதாவின் தொட்டில் கட்டிய கொக்கி உத்தரத்தில் இருக்கிறதே, அதில் கட்டினேன். பழைய சேலையைக் கிழித்து இரண்டு பட்டை, இறக்கைக்கு அடியில் உங்கள் பென்சில் கோட்டில் கொடுத்து மேலே இழுத்துக் கட்டியது. உங்கள் மகள் ஓடிவந்து ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். விமானம் தூங்கப்போகிறதாம். நான் போட்ட சத்தத்தில் மாமி ஓடி வந்தார்கள்.

கையை எடுத்தேன். வால் பொத்தென்று கீழே போய்விட்டது. நான் ஏதோ தப்பாகப் பூட்டிவிட்டேனா? இரண்டு நாளாக அதே யோசனை.

உங்கள் அன்பு மனைவி,
ஹாஃபிஸா


ஷார்ஜா
9.12.96

அன்புள்ள ஹாஃபிஸாவுக்கு, சலாம்.

ஒரு தப்பும் செய்யவில்லை. இந்த ரகத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். எல்லாருக்கும் வால் தாழத்தான் செய்யும். மூக்கில் ஈயம் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு முத்துப்பேட்டையில் கிடைக்கும். துணிப்பையில் போட்டு எஞ்சினுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டுப் பார். எவ்வளவு வைத்தால் தட்டையாகிறதோ அதுதான் கணக்கு. பிறகு நிரந்தரமாக உள்ளே ஒட்டலாம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதே.

தொட்டில் கொக்கியில் கட்டியதை முதலாளியிடம் சொன்னேன். அவர் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே எனக்கு நல்ல பெயர், ஹாஃபி. விமானம் சரியாகப் பறக்கவில்லை என்றால் அபுதாபியிலிருந்துகூட "அப்சரைக் கூப்பிடு" என்கிறார்கள்.

ஈயம் வைத்துவிட்டு உடனே எழுது. உன் தபாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்சர்


கூத்தாநல்லூர்
21.12.96

அன்புள்ள மச்சானுக்கு, சலாம்.

ஈயக்குண்டு வந்தது. அரைக் கிலோ வைத்தேன், வால் தாழ்ந்தது. முக்கால் கிலோ வைத்தேன். வால் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது.

ஜன்னத் பீவி மாமியின் பெரிய மகன் ஹம்தான், உங்கள் அறையில் தங்கியிருப்பவர், லீவில் வந்திருக்கிறார். நீங்கள் கொடுத்தனுப்பிய சோப்பும் பால் பவுடரும் கிடைத்தன. நீங்கள் நலமாக இருப்பதாகச் சொன்னார். வேறு விசேஷம் இல்லை.

சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறேன். ஒரு தரம் கழுவினால் போதுமா?

ஹாஃபிஸா


ஷார்ஜா
2.1.97

அன்புள்ள ஹாஃபிஸாவுக்கு, சலாம்.

முக்கால் கிலோவுக்கும் வால் தாழ்கிறது என்றால் வாலில்தான் எங்கோ கனம் ஏறியிருக்கிறது. மழை ஈரமாக இருக்கலாம். நான்தான் வாலில் பெயின்டைத் திட்டுத் திட்டாக அடித்தேன், அதைத் தேய்த்து எடு. பேட்டரியை இன்னும் முன்னால் தள்ளிப் பார். பட்டை பென்சில் கோட்டிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பார். மூன்று படம் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்.

ராத்திரி அறையில் மற்றவர்கள் டிவி பார்க்கும்போது நான் இந்தப் படங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னோடு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அப்சர்


கூத்தாநல்லூர்
15.1.97

அன்புள்ள மச்சானுக்கு, சலாம்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. நம் ஊர் இப்போது திருவாரூர் மாவட்டமாம். கவரில் மாற்றி எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். பெயின்டைத் தேய்த்தேன். ஒரு கிலோ ஈயம் வைத்தேன். வால் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

ஹாஃபிஸா


ஷார்ஜா
27.1.97

ஹாஃபிஸாவுக்கு, சலாம்.

போன வாரம் இதே விமானத்தை ஒரு வாடிக்கையாளருக்குப் பூட்டிக் கொடுத்தேன். அதே பெட்டி, அதே எஞ்சின். முக்கால் கிலோவில் தட்டையாக நின்றது. சோதனைக்கு ஒரு கிலோ வைத்துப் பார்த்தேன். மூக்கு தரையைக் குத்தியது. ஒரு கிலோ வைத்து எந்த வீட்டிலும் வால் தாழாது.

நீ ஃபிசிக்ஸ் படித்தவள். அளக்கத் தெரியாதவள் இல்லை. விமானம் எப்போதோ சரியாகிவிட்டது, இல்லையா? நான் இங்கே ராத்திரியெல்லாம் யோசித்துப் படம் போட்டு அனுப்புகிறேன், நீ விளையாடிக்கொண்டிருக்கிறாய். ஏன்?

அப்சர்


கூத்தாநல்லூர்
12.2.97

மச்சானுக்கு, சலாம்.

நோன்புப் பெருநாள் வேலையில் பதில் தாமதம். அது ஒரு காரணம்தான்.

ஆமாம், சரியாகிவிட்டது. டிசம்பரிலேயே. முக்கால் கிலோ வைத்துக் கையை எடுத்தேன், தட்டையாக நின்றது. லேசாகச் சுற்றியது, பிறகு அதுவும் நின்றது. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத்தானா இவ்வளவு" என்றார்கள், ஆனால் போகாமல் நின்று பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம்தான் ஹம்தான் சோப்பு கொண்டுவந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் வந்ததும் எங்கே கடை பார்க்கலாம் என்று நான் ஆசையாகக் கேட்டேன். அவர் முழித்தார். "அப்சர் அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு விசா புதுப்பிச்சாச்சே. அக்டோபர்லயே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். நான், "சொன்னார், சொன்னார்" என்று டீ போடப் போய்விட்டேன்.

அக்டோபர் என்றால் விமானத்தைப் பற்றிய என் முதல் கடிதத்துக்கு முன்னால். அதற்குப் பிறகுதான் நீங்கள் இவ்வளவு படமும் போட்டீர்கள்.

நான் ஏன் பொய் எழுதினேன் என்று கேட்கிறீர்கள். அது சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் வர வேண்டும். வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வால் தாழ்ந்திருக்கிற வரைக்கும் நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை, பாக்கிதான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். கடிதமும் பெரிதாக வந்துகொண்டிருந்தது.

நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு கவரையும் பிரித்தேன். இப்போதாவது சொல்லுங்கள்.

ஹாஃபிஸா


ஷார்ஜா
24.2.97

ஹாஃபி,

சொல்ல நினைத்துத்தான் ஒவ்வொரு தரமும் பேனாவை எடுத்தேன். வால் தாழ்கிறது என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்று.

மன்னார்குடியில் கடை போட்டு நான் எதை விற்பேன்? டார்ச் லைட்டும் மிக்ஸி பிளேடுமா? இங்கே எனக்கு ஒரு கை வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஊரில் நான் உம்மாவின் பெயரால் ஆமினாவின் மகன், அவ்வளவுதான். இரண்டு வருஷம் பொறு. விமானத்தை அப்படியே வை. நான் வராமல் பறக்கவிடாதே. அது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

அப்சர்


கூத்தாநல்லூர்
9.3.97

மச்சானுக்கு, சலாம்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே விமானம் பறந்துவிட்டது. உங்கள் கடிதம் முன்னாலேயே வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நிறுத்தியிருக்கமாட்டேன்.

மன்னார்குடியில் நடராசன் சார் என்று ஒருவர், ஏர்ஃபோர்ஸிலிருந்து ரிட்டையர் ஆனவர், காலேஜ் பிள்ளைகளுக்கு மாடல் விமானம் விட்டுக் காட்டுகிறவர். அவரிடம் கேட்டேன். வந்து பார்த்துவிட்டு, போல்ட்டையெல்லாம் அசைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிசை நான் விட்டதில்லம்மா, விழுந்தா என்னைத் திட்டக்கூடாது" என்றார். விழுந்தால் திட்டமாட்டேன், அழுவேன் என்றேன். "அது பரவாயில்ல" என்றார்.

புது ரைஸ் மில்லுக்கு வயல் நடுவே தார் ரோடு போட்டிருக்கிறார்கள், இன்னும் லாரி ஓடவில்லை. அங்கே வைத்தோம். அறுவடை முடிந்து உளுந்து முளைத்து நிற்கிறது. மாமி ஃபஹ்மிதாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நடராசன் சார் விமானத்தை ஓட்டுகிற ரேடியோப் பெட்டியைப் பிடித்தபடி, "எல்லாரும் எனக்குப் பின்னால நில்லுங்க" என்றார். ஓடியது, தயங்கினாற்போல் இருந்தது, பிறகு சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான், ஏறிவிட்டது. கொக்குகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. உளுந்து வயலில் நின்ற காத்தாயி, "எங்க தலையில போடாம ஓட்டுங்கடா" என்று ஓரமாக ஓடினாள்.

திரும்பி வரும்போது வெயிலில் இறக்கையின் அடிப்பக்கம் தெரிந்தது, நான் துணிப்பட்டை கட்டிய இடம். ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு நடராசன் சார் ரேடியோப் பெட்டியின் குச்சிகளிலிருந்து விரலை எடுத்துவிட்டார். நான் பதறினேன். அது தன்பாட்டுக்கு நேராகப் போனது. "கையை விட்டாலும் நேரா போகுதே. யாரும்மா பேலன்ஸ் பார்த்தது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். வேறு பெயர் சொல்லத் தோன்றவில்லை.

இறங்கும்போது ரோட்டைத் தாண்டி உளுந்துக்குள் போய் நின்றது. ஒரு சக்கரம் வளைந்திருக்கிறது, வேறு சேதமில்லை. பிரித்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நடு அறை காலியாக இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து ப்ளஸ் டூ பிள்ளைகள் ஃபிசிக்ஸ் டியூஷனுக்கு வருகிறார்கள். மாமி பாய் விரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆமினாவின் மகன் என்பது உங்களுக்குச் சிறிதாகத் தெரிந்தால் அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. லீவுக்கு வாருங்கள். ஃபஹ்மிதா உங்களைக் கேட்கிறாள். ஆனால் இந்தக் கடிதத்தில் எங்கேயும் திரும்பி வந்துவிடுங்கள் என்று நான் எழுதவில்லை, படித்துப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன சொல்லை இவ்வளவு நாள் நான் காவல் காத்தேன். விமானம் பறந்துவிட்டது, மச்சான். இனி அந்தச் சொல் உங்களிடம்.

ஹாஃபிஸா