பத்தாவது ஆள்

ம்பாலே, நம் குன்று

அன்புத் தம்பி எல்காணாவுக்கு அக்கா கெத்தூராவின் சலோம்.

இங்கே எல்லோரும் நலம். காப்பி இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மழைதான் பறிக்க விடுவேனா என்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பத்து ஆண்கள் கூடினால்தான் இறந்தவருக்குக் காதிஷ் ஜெபம் சொல்லலாம், பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள், ஆகவே அப்பாவின் முதல் நினைவு நாளில் நான் சொல்வது செல்லாது என்று எழுதியிருக்கிறாய். எருசலேமுக்குப் போய் எட்டு மாதத்தில் நல்ல படிப்பு! எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன்.

நீயும் சித்தப்பாவும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள். கடவுள் தந்த சட்டத்தில் மனிதன் கை வைக்கக் கூடாது என்பீர்கள். கன்சர்வேடிவான எங்களுக்கும் அதே சட்டம்தான். காலத்துக்கேற்ப அறிஞர்கள் கூடி அதற்குப் பொருள் சொல்லலாம் என்கிறோம், அவ்வளவே. போன மாதம் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்த சீர்திருத்தப் பிரிவுப் பெண், கருவி எதையும் தொடக்கூடாத ஓய்வுநாளில் கைபேசியில் படமெடுத்தாள். எதைக் கடைப்பிடிப்பது என்பது அவரவர் மனசாட்சி என்றாள். எங்களுக்கே தூக்கிவாரிப்போட்டது.

அது இருக்கட்டும். நினைவு நாளன்று காலை நல்ல மழை. ஜெப ஆலயத்தில் பத்து ஆண்களும் நானும்தான். அப்போது வாசலில் நனைந்துகொண்டு சித்தப்பா! அப்பா என்னைச் சபை முன் தோரா வேதச் சுருளை வாசிக்க வைத்ததற்குக் கோபித்து எதிர்க் குன்றுக்குப் போனவர், நான்கு வருடம் கழித்து வந்திருக்கிறார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் இடம் என்பதால் உள்ளே வரவில்லை.

“நாங்க ஒம்பது பேருதாம்மா. எல்காணா போனதுலேர்ந்து ஒரு ஆளு குறையுது. எங்க அண்ணனுக்கு நான் காதிஷ் சொல்லணும்” என்றார்.

எங்கள் பத்துப் பேரில் நாகூமை அனுப்பினேன். எங்கள் குருமார் முன் ஒரு முறை, உங்கள் குருமார் முன் ஒரு முறை என்று மதம் மாறும் சடங்குக்காக இரண்டு தடவை தண்ணீரில் முழுகியவன் அவன்; ஆகவே இரண்டு பக்கமும் கணக்கில் வருவான். “ரெண்டு தடவ குளிர்ல நடுங்குனதுக்கு இன்னைக்குத்தான்யா பலன்” என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

நாலடி போன சித்தப்பா திரும்பினார். “அப்ப இங்க பத்தாவது யாரு?” என்று கேட்டார்.

“நாந்தான் சித்தப்பா” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நாகூமைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று இரண்டு குன்றிலும் அப்பாவுக்குக் காதிஷ் சொல்லியாயிற்று, தம்பி. இங்கே நான் கணக்கில் இருந்ததால்தான் அங்கே நாகூம் போக முடிந்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! மாலையில் நாகூம் தோளில் ஒரு தார் வாழைக்காயோடு வந்தான். சித்தப்பா கொடுத்தனுப்பியதாம்.

அடுத்த வருடம் இந்த நாளுக்கு வந்துவிடு. சித்தப்பாவோடே நில், அவருக்கு ஆள் வேண்டும். போகிற வழியில் மட்டும் நம் ஜெப ஆலயத்து வாசலில் ஒரு நிமிடம் நின்று, நான் சொல்லி முடித்ததும் ஓர் ஆமேன் சொல்லிவிட்டுப் போ.

அப்பாவின் கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
கெத்தூரா