மாசிமகத்துல தொலையாத தோடு

எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ போயி பன்னண்டு வருஷம் ஆகுது. நான் அஞ்சாவதோட நின்னவ, எழுத்து கோணல்மாணலாத்தான் வரும், பொறுத்துக்கோ. செல்வியப் பத்திச் சொல்லணும்.

உன் மக இப்ப சேதராப்பட்டுல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறா. போன ஞாயித்துக்கிழமை அவளப் பொண்ணு பாக்க உழவர்கரையிலேருந்து வந்தாங்க. பையன் நல்லாத்தான் இருக்கான். கெளம்பற நேரத்துல அவங்கம்மா சொன்னாங்க: "சம்பளக் கவரைப் பிரிக்காமக் கொண்டாந்து எம்மவன் கையில குடுத்துடணும். எங்க வூட்டு வழக்கம் அதான்."

அவங்க போனதும் செல்வி, டம்ளரை எடுத்துக்கினே, "குடுத்தா என்ன சித்தி, குடும்பத்துக்குத்தானே?"ன்னா. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். நீ எப்படிச் செத்தேன்னு தெரிஞ்சிருந்தா அவ அப்படிக் கேட்டிருப்பாளா? "அம்மா கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டாங்க." அவளுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

மாமாவ ஊரே மெச்சும். தெருவுக்கு ரெண்டு சாராயக்கடை இருக்கிற ஊருல குடிக்காத புருஷன். உனக்கு மில்லுல நூல் சுத்தற வேலை. சம்பளத்தன்னிக்கு சங்கு ஊதறதுக்கு முன்னாடியே கேட்டுக்கு வெளிய சைக்கிளோட நிப்பாரு. "அஞ்சலை, உன் ஆளு அழைச்சிக்கினு போக வந்துட்டாரு. குடுத்து வச்சவடி நீ"ன்னு கூட வேலை செய்யறவளுங்க கிண்டல் பண்ணுவாளுங்க. நீயும் சிரிப்ப. கவர் கை மாறினதும் அவரு சைக்கிள்ல ஏறிப் போயிடுவாரு. நீ நடந்து வருவ.

தலைக்கு எண்ணெய், செல்விக்கு சிலேட்டு, எதுக்கும் அவருகிட்டதான் கை நீட்டணும். கேட்டா அடி. கேக்காம எதுனா வூட்டுக்கு வந்துட்டா, "எவன் குடுத்தான்?"னு அதுக்கும் அடி. நாங்க எல்லாம், "கோவக்காரரு, ஆனா பொறுப்பானவரு"ன்னு பேசிக்கினோம். நானும்தான் அக்கா.

அம்மா போட்ட நகையில கடைசியா மிஞ்சினது அந்தக் கல்லுத் தோடு. அதையும் அடகு வைக்க மாமா கேட்டப்ப, மாசிமகத்துக்குக் கடல்ல குளிக்கறப்ப அலை அடிச்சிக்கினு போயிடுச்சின்னு சொல்லிட்ட. மறுநாள் கன்னம் வீங்கி என் வூட்டுக்கு வந்து, முந்தானை முடிச்ச அவுத்து அதக் குடுத்த. "கடலம்மா மேல பழி போட்டுட்டேன்டி மங்கா. அவ என்ன, சண்டைக்கா வரப்போறா?"ன்னு சிரிச்ச. நான் புளிப்பானைக்குள்ள வச்சேன். அத வித்து, மில்லுக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்து, செல்வியோட தனியாப் போயிடறதா சொன்ன. ரூம் காலியாக ரெண்டு மாசம் இருந்துச்சி.

அதுக்குள்ள என் பொண்ணுக்குக் காதுகுத்து வந்துடுச்சி. காது ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு நீ ஈர்க்குச்சி சொருகிக்கினு வந்து நின்ன. என் நாத்தனாரு பந்தல் முழுக்கக் கேக்கற மாதிரி, "கொழந்தைக்குத் தங்கம், பெரியம்மாக்காரிக்குத் தொடப்பக்குச்சியா?"ன்னா. நாலு பேரு சிரிச்சாங்க. எனக்கு மானம் போன மாதிரி இருந்துச்சி.

உன்ன அடுப்படிக்கு இழுத்துக்கினு போயி, புளிப்பானையிலேருந்து தோட்ட எடுத்தேன். "வேணாம்டி"ன்ன.

"மாமாவுக்குத்தான் பகல் ஷிப்டாச்சே. ஒரு மணி நேரம் போட்டுக்கோக்கா. எனக்காக."

என் கையாலதான் திருகு போட்டுவிட்டேன்.

மாமா அரை நாள் லீவு போட்டுட்டு சாப்பாட்டுக்கு வந்துட்டாரு. பாத்தாரு. பந்தியில உக்காந்து பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு. கெளம்பறப்ப என்னைப் பாத்து, "அக்காவுக்குத் தோடு நல்லாருக்கு மங்கா"ன்னாரு. செல்வி என் வூட்லயே விளையாடிக்கினு தங்கிட்டா. நீ அவரு பின்னாடியே போன.

மறுநாள் காலையில உன் பக்கத்து வூட்டம்மா ஓடியாந்தாங்க. ஆஸ்பத்திரியில உன் மண்டையில பெரிய கட்டு. காது ரெண்டும் அறுந்திருந்துச்சி. மூணு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், நீ கண்ணத் தொறக்கல.

"வழுக்கி விழுந்துட்டாங்களாமே?"ன்னு போலீஸ்காரரு கேட்டாரு. நான் தலையாட்டினேன். தோட்ட யாரு போட்டுவிட்டதுன்னு அடுத்ததாக் கேப்பாங்களேன்னு பயம். மாமா வேற ஒருத்தியக் கட்டிக்கினு ஊரவிட்டே போனாரு. அவளுக்கு வேலை இருந்துச்சா, அவ கவரு யாரு கைக்குப் போச்சி? நான் வாயத் தொறந்திருந்தா அவளாவது தப்பிச்சிருப்பாளே.

நான் கெஞ்சாம இருந்திருந்தா இன்னிக்கு நீ அந்த ரூம்ல இருந்திருப்பியா? இல்ல, அவருக்கு வேற ஒரு சாக்கு கெடச்சிருக்குமா? இத யாருகிட்டக்கா கேப்பேன்?

நாளைக்குச் செல்விக்கு லீவு. பக்கத்துல உக்கார வச்சி முழுசாச் சொல்லப் போறேன், என் பங்கையும் சேத்து. பன்னண்டு வருஷமா என் கையால சோறு தின்னவ, அதுக்கப்புறம் என்ன சித்தின்னு கூப்பிடுவாளோ மாட்டாளோ. கூப்பிடாமப் போனா நான் அழுதுக்கறேன். வெள்ளிக்கிழமை வர்றவங்களுக்கு அவ எல்லாம் தெரிஞ்சி, அவ வாயாலயே பதில் சொல்லட்டும். அந்தப் பதில் எதுவா இருந்தாலும் நான் அவ பக்கத்துல நிப்பேன். இந்தத் தடவ தலையாட்ட மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் கூடப்பொறந்தவ,
மங்கா