டாக்டரம்மா போட்ட வட்டங்கள்

டாக்டரம்மா நம் குடும்பத்தை வரைந்து கொடுத்த தாள் என் மடியில் இருக்கிறது, தங்கச்சி. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். அவர் பெயர்களை மட்டும்தான் கேட்டார். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. மூத்த பேத்தி அட்டனில் டீச்சர், பேரன் கெம்பஸில் இன்ஜினியரிங், கடைக்குட்டிக்கு ஓ எல் பரீட்சையில் ஒன்பது ஏ என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்தில் உன் மகள் செல்வி, கழுத்தில் கட்டோடு. தைராய்டில் புற்றுநோய் என்று ஆப்பரேஷன் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

பேனா உன் வட்டத்தில் நின்றது. நீ எந்த நோயில் தவறிப்போனாய் என்று கேட்டார். "நெஞ்சு வலிங்க" என்றாள் செல்வி. நான் சொல்லிக் கொடுத்திருந்த பதில் அது.

உன் கழுத்தில் முதலில் நெல்லிக்காய் அளவுக்குத்தான் இருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இழுத்து இழுத்து நரம்பு வீங்கிவிட்டது என்று மலையில் எல்லோரும் சொன்னார்கள், நானும்தான். கயிற்றுக்கு அடியில் என் பழைய சேலையை நாலாக மடித்து வைத்தேன். "தலப்பா கட்டுன கங்காணி மாதிரி இருக்கேனாக்கா?" என்று சிரித்தாய். அப்போதே உன் குரல் கம்மிப் போயிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. செல்வி வளர்ந்ததும் அவளுக்குச் சம்பந்தம் வந்தது. கழுத்துக் கட்டி என்றால் கந்தப்பளை மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்களே என்று நெஞ்சு வலி ஆக்கினேன். ஐந்து வயதில் உன்னை இழந்தவளிடமும் அதையே சொன்னேன்.

"இல்லிங்க டாக்டர், கழுத்துலதான் வந்துச்சு" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல பெரியம்மா? கட்டி தெரிஞ்சும் ரெண்டு வருசம் சும்மா இருந்தேனே."



டாக்டரம்மா மெதுவாக விளக்கினார். கழுத்தில் வரும் புற்றுநோய் எல்லாம் இப்படி இல்லையாம். இந்த வகையில் மட்டும் சில குடும்பங்களில் மரபணு ஒன்று மாறியிருக்குமாம். அது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு இறங்க பாதிக்குப் பாதி வாய்ப்பாம். முன்னமே தெரிந்தால், நோய் வருவதற்குள் அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாமாம். செல்வியின் ரத்தத்தில் அந்த மாற்றம் இருந்தது. இனி அவள் மகளுக்குப் பார்க்க வேண்டும். "பாட்டி, ஒங்களுக்கும்" என்றார். எனக்கு இல்லையென்றால் என் பிள்ளைகளுக்கும் இல்லை. இருந்தால், நான் பெருமையோடு சொன்ன அத்தனை பேரையும் கூப்பிட வேண்டும்.

என் மகன் போனில் கெஞ்சினான். "டீச்சர் புள்ளைக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் ரத்தம் குடுக்கலாம்." செல்வியின் சம்பந்தத்தின்போது நான் நினைத்ததும் இதேதான். மறுநாள் காலை பஸ்ஸில் போய் ரத்தம் எடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

உன் பேத்திக்கு முடிவு வந்துவிட்டது. அவளுக்கும் இருக்கிறது. நோய் இன்னும் வரவில்லை, வருகிற மாதம் சுரப்பியை எடுக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டும், ஆனால் பிழைத்துக்கொள்வாள். என்னுடையது இன்னும் வரவில்லை. தபால்காரர் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் திரும்பினாலே வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். உன்னை நினைத்தால் அந்தப் பொய்தான் முதலில் வருகிறது. அந்தப் பாரத்தை இனி யார் தலையிலும் இறக்கி வைக்க முடியாது.

செல்விக்கு எழுதிவிட்டேன். காயம் ஆறியதும் பிள்ளையைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு, தழும்பு தெரியட்டும், டீச்சர் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நானே அதைக் காட்ட வேண்டும் என்று.