பம்பாய்க்கு ஒரு சின்னப் பெண்

திருவண்ணாமலை
12-12-79

அன்புள்ள மகள் வேதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பாவும் அண்ணாமலையார் புண்ணியத்தில் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் தீபத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குத் தீபக் கூட்டத்தைக் காரணம் சொல்லலாம், உங்கப்பா வழி ஜனம் பூரா வந்து இறங்கி, ஒருத்தர் தலைமாட்டில் இன்னொருத்தர் காலை நீட்டிக் கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள், நான் சோறு வடித்து வடித்தே ஓய்ந்துபோனேன், மாடிக்கு ஏறித் தீபம் பார்க்கக்கூட இந்த வருஷம் கொடுத்து வைக்கவில்லை, தெருவில் அரோகரா சத்தம் கேட்டு அடுப்படியில் இருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன். உறவுக்காரர்கள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, இனியும் அவர்கள் மேல் பழி போட முடியாது. நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பேரன் போட்டோ பார்த்தோம். உங்கள் குடியிருப்பில் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டுக்காக வைத்த கொழுகொழு குழந்தைப் போட்டியில் அவனுக்கு முதல் பரிசு என்று படித்ததும் உங்கப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பரிசாகக் கொடுத்த பிளாஸ்டிக் வாளியிலேயே அவனை உட்கார வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்களே, அந்தப் படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு எல்லாம் காட்டிவிட்டு வந்தார், ஓரமெல்லாம் கசங்கிவிட்டது. முழங்கால் வலி அன்றைக்கு மட்டும் எங்கே போனதோ. நீ குழந்தைக்கு மிளகாய் சுற்றிப் போடு, ஊர்க் கண் பொல்லாதது. படத்தில் பார்க்கும்போதே எனக்குக் கை கடுக்கிறது, தூக்கினால் எப்படி இருப்பானோ.

அவனைப் பார்த்துக்கொண்டிருந்த மராட்டி அம்மாள் ஊரோடு போய்விட்டாள், உனக்கு லீவும் தீர்ந்துவிட்டது, ஆபீஸில் பிள்ளைகளை விட இடம் கிடையாது என்று எழுதியிருந்தாய். வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க சர்க்கார் திட்டம் போட்டிருக்கிறது என்று எங்கள் பால்வாடி டீச்சர் டிரெயினிங்கில் ஒரு அம்மாள் கைதட்டல் வாங்கிக்கொண்டு பேசினாள், அந்தத் திட்டம் உன் ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. வேலையை விட்டுவிடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என்னை வா என்று நீ கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் வரமுடியாது என்று உனக்கே தெரியும், உங்கப்பாவுக்குக் கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், அடுப்பு எரிவது என் பால்வாடிச் சம்பளத்தில். அதனால்தான் இங்கே ஏழைப்பட்ட வீட்டில் ஏழெட்டு வயதில் ஒரு சின்னப் பெண் இருந்தால் பார்த்து அனுப்பு, குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினால் போதும், அவளுக்கும் அது விளையாட்டுதானே என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது வேதா. பெற்ற மகள் என்றும் பார்க்காமல் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது, பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிறவள் அல்லவா, அதனால் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

ஆமாம், இந்த வருஷம் பூரா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் ஆண்டு என்று மேலே இருந்து உத்தரவு வந்து தாய்மார் கூட்டம் போட்டோம். பிள்ளைகளை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்து விளையாடுங்கள் என்று படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காலையில் இருந்து குனிந்து களை எடுத்துவிட்டு வந்தவர்கள், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பாஞ்சாலை என்று ஒருத்தி, மல்லாட்டைக் கடலை உரிக்கப் போகிறவள், கையெல்லாம் வெடிப்பு, அவள்தான் எழுந்து, பொழுது விடிய போயி பொழுது எறங்கி வர்றோம், எப்ப வெளையாடறது டீச்சரம்மா, வேணும்னா தூக்கத்துல வெளையாடறோம்னு சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

இந்தப் பாஞ்சாலையின் மகள்தான் உண்ணாமலை. ஏழு வயசு முடிந்த பெண், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள், ஆனால் கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பால்வாடி வாசலில் வந்து நிற்பாள், தம்பிக்குக் கொடுக்கிற கோதுமை உப்புமாவில் அவளுக்கும் ஒரு கரண்டி வைப்பேன். நடக்கத் தெரிந்த நாளாய் ஏதாவது ஒரு குழந்தையைத் தூக்கித் தூக்கி, தம்பி கீழே இருக்கும்போதும் அவள் ஒரு பக்கம் சாய்ந்தேதான் நிற்பாள். நேரா நில்லுடி கண்ணு என்றால் நேராகத்தான் நிற்கிறேன் என்பாள். அவளுக்கு அதுதான் நேர்.

எங்கள் பால்வாடிக்கு ஆடி மாசம் ஒரு தகரப் பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் வந்தது. மரக் குதிரை, வண்டி, பந்து, கலர் கட்டை, துணிப் பொம்மை, பார்த்தால் எனக்கே ஆசையாக இருந்தது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டும் என்று கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்ததால் பெட்டியைப் பூட்டியே வைக்கச் சொன்னார்கள், பெரிய அதிகாரிகள் வருகிற அன்றைக்கு மட்டும் திறப்போம். பிள்ளைகள் அந்தச் சாமான்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எடுத்து விளையாடு என்றால் என் முகத்தைப் பார்க்கும். போன மாசம் குழந்தைகள் தினத்துக்கு வேலூரில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். அதற்கு முன்னால் வெயிலில் தேரடி வரைக்கும் ஊர்வலம், விளையாட்டு எங்கள் உரிமை என்று எழுதின அட்டையை உண்ணாமலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு பக்கம் இடுப்பில் தம்பியோடு நடந்தாள், ஆள் எண்ணிக்கை குறையாமல் இருக்க அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். பால்வாடிக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். படம் எடுக்க வேண்டும் என்று ஆயா அவள் தம்பியை வாங்கிக்கொண்டு அவள் கையில் துணிப் பொம்மையைக் கொடுத்தாள். உண்ணாமலை அதை ஒரு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, கூட்டம் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். அந்த அதிகாரி பாவம் நல்ல மனுஷர், அம்மா-குழந்தை விளையாட்டை எவ்வளவு அழகா விளையாடறா பாருங்கன்னு சொல்லிக் கைதட்டினார். அவர் ஜீப் ஏறினதும் பொம்மையை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன், அவள் தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போட்டோ காட்டப் போன இடத்தில் உங்கப்பா வாய் சும்மா இருக்குமா, பம்பாயில் மகளுக்கு ஒரு சின்னப் பெண் வேண்டுமாம் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் வாசலில் இருசப்பன், பாஞ்சாலையின் புருஷன், மலைப்பக்கம் கல் உடைக்கிறவன். பக்கத்தில் உண்ணாமலை, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, ரிப்பன் கட்டி, முகமெல்லாம் பவுடர். உங்க பொண்ணு வூட்டாண்ட ஆள் கேட்டாங்களாமே, இட்டாந்துட்டேன் டீச்சரம்மா, மூணு வேளை சோறு துன்னா போதும், வேற எதுவும் வாணாம்னு கும்பிட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உனக்கு வெட்கமா இல்லையா, பள்ளிக்கூடம் அனுப்பாமல் பிள்ளையை வேலைக்கு அனுப்பப் பார்க்கிறாயே என்று வாசலில் வைத்தே விளாசிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. இங்க இருந்தா மட்டும் இன்னா பண்ணப் போறா, கொயந்த தூக்கறா, அங்கயும் அதான, அங்க சோறு ஜாஸ்தி கிடைக்கும்னு மெதுவாகச் சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனான்.

அதோடு போயிருந்தால் உனக்கு முடியாது என்று நாலு வரி எழுதிப் போட்டிருப்பேன். தீபத்துக்கு வந்த கூட்டத்தோடு பெங்களூர்க்காரி ஒருத்தி வந்திருக்கிறாள். வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவள், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இருசப்பனின் மூத்த பெண்ணை அழைத்துப் போனவளும் அவள்தான். அந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள், எந்தத் தெரு, ஒன்றும் இவர்களுக்குத் தெரியாது, முதலில் ஒரு கார்டு வந்தது, அப்புறம் இல்லை. பெங்களூர் பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டோரம் நின்று இறங்குகிறவர்களைப் பாஞ்சாலை பார்த்துவிட்டுப் போவதை நானே கண்டிருக்கிறேன். அதே பொம்பளை மறுபடியும் வந்து உண்ணாமலையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எங்கள் ஆயா ஓடிவந்து சொன்னாள். நான் பஸ் பிடித்து எங்கள் சூபர்வைசரம்மாவிடம் போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம்ம திட்டம் அஞ்சு வயசு வரைக்கும்தாங்க, இவளுக்கு ஏழு ஆயிடுச்சே, வேலைக்குப் போற பிள்ளைகளைப் பத்தி டெல்லியில கமிட்டி போட்டிருக்காங்களாம், அது வந்தாதான் எதுவும்னு சொல்லி ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ சாவுக்குப் போய் வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நேராக இருசப்பன் வீட்டுக்குப் போய், பெங்களூர் வேண்டாம், என் மகள் வீட்டுக்கே அனுப்பு என்று சொல்லிவிட்டேன். ஆமாம் வேதா, சொல்லிவிட்டேன். முகம் தெரியாத வீட்டுக்குப் போவதற்கு என் பெண் வீடு பரவாயில்லை, எனக்கு விலாசமாவது தெரியும். குழந்தைகள் ஆண்டில் ஒரு பால்வாடி டீச்சரால் ஆனது இவ்வளவுதான். பாஞ்சாலை என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உண்ணாமலைக்கு அடுத்த நாலு வயசுப் பெண், எங்கள் பால்வாடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது, இரண்டு நாளாகத் தம்பியைத் தூக்கப் பழகுகிறது. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வருகிறது.

தோல் மண்டி மக்பூல் பாய் இந்த மாசக் கடைசியில் குடும்பத்தோடு பம்பாய் வருகிறார், காட்பாடியில் ரயில். அவர் சம்சாரம் முன்னி பேகம் உண்ணாமலையைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், ஸ்டேஷனுக்கு நீயே போ, மாப்பிள்ளையை மட்டும் அனுப்பாதே, பயப்படுவாள். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தால் சேர்த்துவிடு என்று எழுதத்தான் ஆசை, நீ ஆபீஸ் போகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் நடக்கும், அதற்காகத்தானே அவள் வருகிறாள், எழுதி என்ன பிரயோஜனம். அவளை அடிக்காதே. உன் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை, ரயிலில் நசுங்கி வீடு வந்து சேருகிறவளுக்குக் கை யார் மேல் போகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே படுக்க வை, உங்களுக்கு வடிக்கிற சோற்றையே போடு. பேரன் தூங்குகிற நேரத்தில் வேறு வேலை எதுவும் சொல்லாதே, அந்த நேரமாவது இடுப்பில் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். பொம்மை வாங்கிக் கொடு என்று சொல்ல மாட்டேன், அதையும் தூக்கிக்கொண்டுதான் நிற்பாள். எங்கள் பொம்மை பெட்டிக்குள் புதுசாகவே இருக்கிறது.

உங்கப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், ஊறுகாயும் வேர்க்கடலையும் பாய் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி அண்டாமல், இருக்கிற இடத்தில் குறைவில்லாமல் இருக்க அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் துணை நிற்கட்டும். குழந்தைக்கு என் முத்தம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நேற்று சாயங்காலம் உண்ணாமலையை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பம்பாயைப் பற்றிச் சொன்னேன், ரயில், கடல், மாடி வைத்த பஸ் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன், அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பேரன் போட்டோவைக் கொடுத்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள், கொயந்த எவ்ளோ கனம் இருக்கும் டீச்சரம்மான்னு. முதல் பரிசு என்று எழுதினாயே தவிர நீ எடை எழுதவில்லை. கடிதம் கண்டதும் ஒரு கார்டில் எழுதிப் போடு, அவள் புறப்படுவதற்குள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ப. சந்திரம்மாள்